கடையின் மின்னஞ்சல் கணக்குகள் அனைத்தையும் ஒரே இடத்தில் பார்ப்பது எப்படி?



நான் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். மிளகாய், மல்லி, மஞ்சள், எண்ணெய், சர்க்கரை என்று நாற்பது ஆண்டுகளாக இதே தொழில்தான். படித்தது பத்தாம் வகுப்பு. நான் கடைக்கு வந்த காலத்தில் குண்டூர் மிளகாய் விலை தபால் கார்டில் வரும். அவசரம் என்றால் தந்தி வரும். தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. அன்று தபாலோ தந்தியோ எது வந்தாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைக்கு வந்த கடிதம் முதலாளிக்குத் தெரியாமல் பதினைந்து நாள் கிடந்தது என்ற பேச்சுக்கே அன்று இடம் இல்லை.

இன்று அப்படி இல்லை. ஒரு சிறிய மளிகைக் கடைக்குக்கூட மூன்று நான்கு மின்னஞ்சல் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று வங்கிக்குக் கொடுத்தது. ஒன்று ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கொடுத்தது. ஒன்று மகன் கல்லூரியில் படிக்கும்போது திறந்தது. ஒன்று சரக்கு அனுப்பும் மில்காரர்களுக்குக் கொடுத்தது. இவற்றில் தினமும் பார்ப்பது ஒன்றுதான். மற்றவை பூட்டிய கிட்டங்கி போலக் கிடக்கின்றன. அதனால் வரும் நஷ்டத்தை நான் பட்டு அறிந்தவன். அதை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பாடமாகச் சொல்கிறேன்.

என் கடையில் நடந்தது

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவு வேலை நடந்தபோது எங்கள் கணக்குப்பிள்ளை, "அண்ணாச்சி, ஒரு மெயில் ஐ.டி. வேண்டும்" என்றார். "நீயே ஒன்று திறந்து போட்டுவிடப்பா" என்றேன். அவரும் திறந்து கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து நல்ல சம்பளத்தில் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த மின்னஞ்சல் முகவரியை நாங்கள் மறந்தே போனோம்.

2022-இல் கடையைப் பழைய இடத்திலிருந்து ஊருக்கு வெளியே பெரிய கட்டடத்துக்கு மாற்றினேன். இடம் மாறினால் பதினைந்து நாளுக்குள் பதிவில் திருத்தம் கோர வேண்டும் என்பது விதி. பால் காய்ச்சிக் குடியேறிய மும்முரத்தில் அதைச் செய்யத் தவறிவிட்டேன். தவறு என்னுடையதுதான். பதிவு செய்த விலாசத்தில் வியாபாரம் நடக்கவில்லை என்று செப்டம்பர் 21-ஆம் தேதி பதிவை ரத்து செய்வதற்கான விளக்கம் கேட்டு நோட்டீசு வந்தது. மாதக் கணக்கை அதற்கு முந்தின நாள்தான் தாக்கல் செய்திருந்தோம். எனவே அடுத்த மாதம் வரை ஜி.எஸ்.டி. இணையதளத்தைத் திறக்க எங்களுக்கு வேலை இல்லை. நோட்டீசு வந்த செய்தியோ யாரும் பார்க்காத அந்த மின்னஞ்சலுக்குப் போனது.

அக்டோபர் 4-ஆம் தேதி ஆயுத பூஜை. கடையில் பொரி கடலை வைத்துப் படைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிறுத்தி வைக்கப்பட்டது என்று காட்டுகிறதே, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. பதில் கொடுக்க வேண்டிய ஏழு வேலை நாளும் செப்டம்பர் 30-உடன் முடிந்திருந்தது.

பதிவு நிறுத்தி வைக்கப்பட்டால் வரிப் பில் போட முடியாது, வரி வசூலிக்கவும் கூடாது. தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. எண்ணெயும் சர்க்கரையும் கிட்டங்கி நிறைய இருந்தன. வாடிக்கைக் கடைக்காரர்கள் வேறு வழியின்றி வேறு மண்டிக்குப் போனார்கள். பழைய கணக்குப்பிள்ளையைத் தேடிப் பிடித்து, அவர் ஞாபகத்திலிருந்து கடவுச்சொல் வாங்கி, கடிதத்தைப் பார்த்து, வாடகை ஒப்பந்தமும் மின் கட்டண ரசீதும் வைத்துப் பதில் கொடுத்தோம். ரத்து ஆணை வருவதற்குள் பதில் போய்ச் சேர்ந்தது எங்கள் நல்ல காலம். நடவடிக்கையைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த உத்தரவு வந்தது தீபாவளி முடிந்து நான்காம் நாள்.

"கடிதத்தை நான் பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ஆம் பிரிவின்படி, பதிவின்போது நாம் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதும், இணையதளத்தில் நம் பக்கத்தில் வைப்பதும் சட்டப்படி நோட்டீசு சேர்ப்பிக்கும் முறைகளே. நாம் திறந்து பார்த்தோமா இல்லையா என்பது நம் பாடு. ஆகவே கடையின் பெயரில் உள்ள ஒவ்வொரு மின்னஞ்சல் பெட்டியும் தினமும் முதலாளியின் கண்ணில் பட வேண்டும். அதற்குத் தனித்தனியாக நான்கு முறை உள்ளே நுழைந்து வெளியே வரத் தேவையில்லை. கணிப்பொறியில் ஒரு மென்பொருள் போதும்.

முதற் பாடம்: பட்டியல் எடுப்பது

கணிப்பொறியைத் திறக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கடை சம்பந்தப்பட்ட எல்லா மின்னஞ்சல் முகவரிகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம் குறியுங்கள்.

1. இந்த முகவரியை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம்? (ஜி.எஸ்.டி., வங்கி, உணவுப் பாதுகாப்பு உரிமம், மின் வாரியம், மில், தரகர்.)

2. இதைத் திறந்தவர் யார்?

3. கடவுச்சொல் மறந்தால் ஓ.டி.பி. எந்தக் கைபேசி எண்ணுக்கு வரும்?

4. இன்று கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்?

மூன்றாவது விவரத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் கைபேசி எண்ணோ, எப்போதோ கைவிட்ட சிம் கார்டு எண்ணோ இருந்தால், அன்றே உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள முகவரி வேறொருவருடையது என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். இணையதளத்திலேயே திருத்தம் செய்யலாம். புதிய முகவரிக்கும் எண்ணுக்கும் வரும் ஓ.டி.பி.யைக் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே நுழையவே வழியில்லை என்றால் உங்கள் எல்லைக்குரிய அலுவலரை ஆவணங்களுடன் நேரில் பாருங்கள்.

தேவையில்லாத பழைய கணக்கு என்று எதையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல், இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கத் தொடங்கியது. கணக்கு போனால் உள்ளே உள்ள கடிதங்களும் போகும்.

இரண்டாம் பாடம்: எந்த மென்பொருள்?

நாங்கள் பயன்படுத்துவது தண்டர்பேர்டு. மொசில்லா அமைப்பிலிருந்து வருவது. 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் அதிலேயே இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். விண்டோஸ் கணிப்பொறியோடு வந்த 'மெயில்' என்ற பழைய செயலிக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதையே நம்பி இருப்பவர்கள் மாறிக்கொள்வது நல்லது.

இந்த மென்பொருளைப் பேரேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேரேடு ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. ஒருவர் பற்று இன்னொருவர் பக்கத்தில் ஏறாது. அதுபோல ஒவ்வொரு மின்னஞ்சல் கணக்கும் உள்ளே தனியாகவே இருக்கும். ஆனால் புரட்டிப் பார்ப்பது ஒரே இடத்தில்.

மூன்றாம் பாடம்: பாப், ஐமேப் வேறுபாடு

கணக்கைச் சேர்க்கும்போது ஒரு கேள்வி வரும். "பாப்" முறையா, "ஐமேப்" முறையா? இது புரியாமல் எதையோ அழுத்திவிட்டுப் பின்னால் அவதிப்பட்டவர்கள் உண்டு.

பாப் என்பது தபால்காரர் கடிதத்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவது போன்றது. கடிதம் நம் கணிப்பொறிக்கு வந்துவிடும். நகல் அங்கேயும் இருக்கட்டும் என்று நாம் குறிப்பிடாவிட்டால் தபால் நிலையத்தில், அதாவது சர்வரில், அது இருக்காது. கடைக் கணிப்பொறி எடுத்துக்கொண்ட கடிதம் வீட்டில் மகன் பார்த்தால் தெரியாது. அந்தக் கணிப்பொறி பழுதானால் கடிதமும் போயிற்று.

ஐமேப் என்பது தபால் நிலையத்தில் நமக்கென்று உள்ள பெட்டி போன்றது. கடிதம் அங்கேயே இருக்கும். கடையிலிருந்தும் வீட்டிலிருந்தும் கைபேசியிலிருந்தும் அதே பெட்டியைத்தான் பார்க்கிறோம். ஓரிடத்தில் படித்தது எல்லா இடத்திலும் படித்ததாகக் காட்டும்.

இரண்டு மூன்று பேர் பார்க்கும் கடைக்கு ஐமேப்தான் பொருத்தம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கடைப் பையன் "இடம் அடைக்கிறது" என்று துடைத்துவிட்டால் உங்கள் கைபேசியிலும் இருக்காது. எங்கள் கடையில் அழிக்கும் வேலை என் மகனுக்கு மட்டும்தான்.

நான்காம் பாடம்: கணக்குகளைச் சேர்ப்பது

மென்பொருளில் மூன்று கோடு போட்ட பொத்தானை அழுத்தி "நியூ அக்கவுண்ட்" என்பதில் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். பெயர், முகவரி கொடுங்கள். பெயர் தெரிந்த நிறுவனங்களின் மின்னஞ்சல் என்றால் சர்வர் விவரங்களை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். ஜிமெயில் என்றால் கூகுளின் சொந்த நுழைவுப் பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொல் கொடுத்து அனுமதி தர வேண்டும். வெறும் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் வைத்து நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. பழைய மென்பொருள் வைத்திருந்த பலருக்குத் திடீரென்று கடிதம் வராமல் போனதற்கு அதுவே காரணம்.

கடையின் பெயரிலேயே சொந்த முகவரி வாங்கியவர்கள், அதைக் கொடுத்த நிறுவனத்திடம் சர்வர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பான இணைப்பில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, கடிதம் அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்பவை வழக்கமான எண்கள்.

முதல் கணக்கு சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்த பிறகே அடுத்ததைச் சேருங்கள். நான்கையும் சேர்த்தபின் "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" பகுதிக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் புரியும்படி பெயர் வையுங்கள். எங்கள் கணிப்பொறியில் "ஜி.எஸ்.டி.", "வங்கி", "கொள்முதல்", "வீடு" என்று பெயர். முகவரியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சிரமம் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிய கடிதம் தேடும்படியும் அங்கேயே சொல்லலாம்.

ஐந்தாம் பாடம்: ஒரே உள்பெட்டி

இடது பக்கப் பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் "போல்டர் மோட்ஸ்" என்று வரும். அதில் "யூனிபைடு போல்டர்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு கணக்கிலும் வந்த கடிதங்கள் தேதி வாரியாக ஒரே பட்டியலில் தெரியும். கடிதங்கள் கலந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பார்வைதான் ஒன்று. ஒவ்வொரு கடிதமும் அதனதன் பெட்டியில்தான் இருக்கிறது. சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம். இடம் இதுதான்.

அடுத்து, முக்கியமான கடிதம் கண்ணில் படும்படி செய்ய வேண்டும். "டூல்ஸ்" பட்டியலில் "மெசேஜ் பில்டர்ஸ்" இருக்கிறது. இதைச் சல்லடை என்று சொல்லலாம். ஏற்கனவே வந்த ஜி.எஸ்.டி. கடிதம் ஒன்றைத் திறந்து அனுப்புநர் முகவரியை அப்படியே எடுத்து, "இந்த முகவரியிலிருந்து வந்தால் இம்பார்ட்டண்ட் குறி இடு" என்று கட்டளை கொடுங்கள். அது சிவப்பாகத் தெரியும். வங்கிக்கும் இப்படியே செய்யலாம். சல்லடையைக் கணக்கு வாரியாகத் தனித்தனியே அமைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே நான் செய்த ஒரு தவறு. முதலில் ஜி.எஸ்.டி. கடிதங்களைத் தானாகவே ஒரு தனிப் பெட்டிக்கு மாற்றும்படி வைத்தேன். ஒழுங்காக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பெட்டியை யாருமே திறக்கவில்லை! பழைய கதைதான். அவசரக் கடிதங்களுக்கு நிறம் போடுங்கள், இடம் மாற்றாதீர்கள். விளம்பரங்களை வேண்டுமானால் ஒதுக்குங்கள்.

"ஸ்பேம்" அல்லது "ஜங்க்" எனப்படும் குப்பைப் பெட்டியையும் தினமும் ஒரு பார்வை பாருங்கள். நல்ல கடிதமும் சில சமயம் அதில் விழும். அங்கே விழுந்ததை நம் சல்லடை சலிக்காது.

ஆறாம் பாடம்: எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறோம்?

பல கணக்குகளை ஒன்றாக வைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால், அது எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும். புதிதாகக் கடிதம் எழுதும்போதுதான் கவனம் வேண்டும். மேலே "பிரம்" என்ற வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ஒருமுறை கொள்முதல் ஆர்டரை என் மகன் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிவிட்டார். சரக்கு அனுப்பியவர் அதன்பின் மூன்று மாதப் பில்லையும் அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தார். கணக்கு முடிக்கும்போது பில் எங்கே என்று தேடினோம். ஒவ்வொரு கணக்குக்கும் கீழே கையெழுத்துப் பகுதியில் கடைப் பெயர், விலாசம் வேறு வேறாக அமைத்துவிட்டால், எழுதும்போதே எந்தப் பெட்டி என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று மோசடி. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள்" என்று மில்காரர் பெயரில் கடிதம் வரும். பெயர் சரியாக இருக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். சில சமயம் முகவரியும் சரியாகவே இருக்கும். அவருடைய பெட்டியையே திருடன் திறந்திருப்பான். எனவே வங்கி எண் மாற்றம் என்று வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், உங்கள் டைரியில் உள்ள பழைய எண்ணுக்குப் போன் செய்து, பழகிய குரலைக் கேட்டபின் பணம் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு லாபம்.

ஏழாம் பாடம்: பூட்டும் நகலும்

நான்கு பெட்டியும் ஒரே கணிப்பொறியில் இருப்பதால் அதைத் திறந்தவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆகவே கணிப்பொறிக்குக் கடவுச்சொல் வையுங்கள். தண்டர்பேர்டிலும் "பிரைமரி பாஸ்வேர்டு" என்று ஒன்று வைக்கலாம். ஜிமெயில் கணக்குகளுக்கு இரண்டு படிப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். வேலையாள் மாறினால் அன்று மாலையே கடவுச்சொல் மாற வேண்டும். கல்லாச் சாவியை வாங்கிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். இதில் யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தம் இல்லை.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். 2024-25 கணக்குக்கு அந்தத் தேதி 2025 டிசம்பர் 31 என்று கொண்டால், 2031 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் பில்களும் இதில் சேரும். எனவே மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் "புரொபைல்" போல்டரை முழுவதுமாக ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். "ஹெல்ப்" பட்டியலில் "டிரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்" என்பதில் அந்த போல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. நகலைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

தினசரி வேலை

இவ்வளவையும் அமைக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மகன் உட்கார்ந்து செய்தார், நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டேன். இப்போது காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் முதல் வேலை, ஒரே உள்பெட்டியை மேலிருந்து கீழே பார்ப்பது. சிவப்பாக ஏதாவது இருந்தால் உடனே படிப்பேன். புரியாவிட்டால் தணிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, பதில் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியை நாட்காட்டியில் பேனாவால் எழுதுவேன். மாலை கடை கட்டும் முன் இன்னொரு முறை. இரண்டும் சேர்ந்து கால் மணி நேரம்.

விலையும் சரக்கு நிலவரமும் வாட்ஸ்ஆப்பில் வருகின்றன, மின்னஞ்சல் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. உண்மைதான், வியாபாரப் பேச்சு அங்கே நடக்கிறது. ஆனால் ஜி.எஸ்.டி. நோட்டீசும் வங்கி அறிக்கையும் மின்னஞ்சலுக்கு வருகின்றன. எழுத்தில் வருவதற்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றுக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி எது என்று பாருங்கள். இன்றைக்கே அதற்குள் நுழைய முடிகிறதா என்று சோதியுங்கள். முடிந்தால் மகிழ்ச்சி. முடியாவிட்டால் நாளைக்குத் தள்ளிப் போட வேண்டாம்.

வணிகம் வளர்க!